செல்லுபடி எல்லை

கழற்றிவிட்டால் அது
இரண்டு இரும்புக் குழாயும் ஒரு மரக்கட்டையும்தான்.
குழாய்களைப் பட்டாளத்துப் போர்வையில் சுற்றி
கட்டையை இரண்டு சட்டைகளுக்கு நடுவே செருகி
கான்வாஸ் பையை இழுத்துப் பூட்டினேன்.
தோட்டா பத்து. தனிப் பெட்டி, தனிப் பூட்டு.
சாவி அரைஞாணில்.

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் நான்
பையைவிட மேல் பாக்கெட்டைத்தான்
நாலு தடவை தொட்டுப் பார்த்தேன்.
லைசென்ஸ் புத்தகம்,
பெங்களூரு நகைக்கடையின் வேலைக் கடிதம்,
ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்த தாள்,
எல்லாவற்றுக்கும் இரண்டிரண்டு ஜெராக்ஸ்.

ஜன்னலோரம் சுகந்தி.
அவள் மடியிலும் ஒரு ஃபைல்.
அதற்குப் பூட்டு இல்லை, ரப்பர் பேண்டு.

அத்திப்பள்ளியில் பஸ்ஸை ஓரங்கட்டினார்கள்.
எதையோ தேடி ஏறிய கான்ஸ்டபிள்
நீளப் பையைப் பார்த்து
"ஏனிது?" என்றார்.
ஓடும் பஸ்ஸில் துப்பாக்கி என்ற சொல்லை
எவ்வளவு சத்தமாகச் சொல்லலாம் என்று
எந்த விதியிலும் எழுதியிருக்கவில்லை.
"கன் சார். லைசென்ஸ் இதே,"
பெல்காமில் கற்ற கன்னடத்தில் சொன்னேன்.
முன் சீட்டில் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தவர்
மறுபடி மடித்தார்.

கீழே இறக்கி மேசையில் வைத்து
குழாயில் பொறித்த எண்ணை
டார்ச் அடித்து அவர் வாசிக்க
புத்தகத்தில் இருந்ததை நான் வாசித்தேன்.
ஐந்துக்கு ஐந்து, ஏழுக்கு ஏழு,
ஜாதகப் பொருத்தம் போலப் போய்க்கொண்டிருந்தது.
ஒரு எட்டு மட்டும் தேய்ந்து மூன்றாய்த் தெரிந்தது.
எச்சில் தொட்டுத் தடவிப் பார்த்து
எட்டுதான் என்று அவரே தீர்ப்புச் சொன்னார்.
பிறகு பக்கம் திருப்பி
ஊதா முத்திரைமேல் விரலை வைத்தார்.
செல்லுபடியாகும் எல்லை: இந்தியா முழுவதும்.
"ஹோகி."
கை தானாக எழுந்து சல்யூட் அடித்தது.

மறுநாள் கல்லூரி. மூன்றாம் கவுண்டர்.
சுகந்தி ரப்பர் பேண்டைக் கழற்றினாள்.
மார்க் ஷீட்டை வைத்துக்கொண்டு
தாசில்தார் கையெழுத்திட்ட சாதிச் சான்றிதழை மட்டும்
கண்ணாடிக்கு அடியில் திருப்பித் தள்ளினாள் அந்தப் பெண்.
"இது உங்க ஸ்டேட்ல செல்லும். இங்க செல்லாது.
ஜெனரல்ல போடட்டுமா?"
தமிழில்தான் சொன்னாள்.
குரலில் கோபம்கூட இல்லை.

பொம்மனஹள்ளியில் வீடு கேட்டு நின்றபோது
மாடியிலிருந்தே ஓனர் கேட்டார்,
நீங்க என்ன ஆளுங்க.
பதிலுக்குக் காத்திருக்காமலே
வீடு வேறொருவருக்குப் பேசியாகிவிட்டது.
சாதி டிக்கெட் எடுக்காமல்
எங்களோடு வந்துவிட்டது.
சான்றிதழ்தான் அத்திப்பள்ளியில்
இறங்கிக்கொண்டது போல.

பதினாலு வருஷத்தில் ஒரு முறையும்
நான் சுட்டதில்லை.
கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தால் போதும்,
உள்ளே போகிறவர்கள் குழாயைப் பார்ப்பார்கள்.
அதைப் பிடித்திருக்கும் ஆளை
நாளைக்கு மாற்றிவிட்டாலும் தெரியாது.

ராத்திரி லாட்ஜில்
கட்டில்மேல் செய்தித்தாள் விரித்து
எண்ணெய் துணி போட்டுக்கொண்டிருந்தேன்.
முத்திரைப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு
சுகந்தி கேட்டாள்:
"இதை யாருப்பா குத்தித் தர்றது?"

"மெட்ராஸ்லேர்ந்து உத்தரவு வரணும்.
கலெக்டர் ஆபீஸுக்கு எட்டு மாசம் அலைஞ்சேன்."

"நானும் அலையறேன்.
எங்கேன்னு மட்டும் சொல்லு."

கேலி செய்கிறாளா என்று நிமிர்ந்து பார்த்தேன்.
பேனாவைத் திறந்து வைத்திருந்தாள்,
எழுதிக்கொள்ள.